குஞ்சுக் கொட்டகையில் 85 டிகிரியா?

கேள்வி: புரூடரில் ராஸ்பெர்ரி பை கணினியோடு டி.எஸ்.18பி20 வெப்ப சென்சார் வைத்திருக்கிறோம். ராத்திரியில் திடீரென்று 85 டிகிரி காட்டி, பல்புகளை அணைத்துவிடுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?
- வாசகர், சிங்காநல்லூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. இந்த சென்சாருக்கு மின்சாரம் வந்ததும், முதல் அளவை எடுத்து முடிக்கும்வரை அதன் நினைவில் 85 என்றுதான் இருக்கும். அடிக்கடி 85 வந்தால், அதற்குப் போகும் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள்.

கணினியை நிறுத்திவிட்டு வயர்களைச் சோதியுங்கள். கொட்டகை ஈரத்தில் செம்புக் கம்பி அரித்துப்போகும். முறுக்கிக் கட்டிய இடங்களைப் பற்றவைத்து மூடுங்கள். டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட் வயருக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். 5 வோல்ட்டில் இணைக்காதீர்கள், கணினி பழுதாகலாம்.

பிறகு, தண்ணீர் புகாத சென்சாராக இருந்தால், உருகும் ஐஸ் தண்ணீரில் வையுங்கள். 0 டிகிரிக்கு அரை டிகிரி கூடக்குறையக் காட்டினால் சரி. 85 வந்தால் பல்பை அணைக்காமல் மறுபடி அளக்கும்படி புரோகிராமையும் மாற்றுங்கள்.

அதுவரை பல்புகளை நேரடி சுவிட்சில் போட்டு, ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். பல்புக்கடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. விலகி நின்று வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். சென்சார் சரியான பிறகும் இதைத் தினமும் கவனியுங்கள்.