ஆசிட் வாளிக்கு விடை கொடுப்போம்!

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர்)



முதலாமாண்டு வேதியியல் தேர்வில் ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதிகளைக் கேட்பார்கள். நாமும் எழுதுவோம், மார்க் வாங்குவோம். பரீட்சை ஹாலை விட்டு வெளியே வரும்போது விதியை அங்கேயே பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் வந்தேன். போன கோடை விடுமுறையில் ஒரு துருப்பிடித்த பிரேக் டிரம் அதைத் திரும்ப ஞாபகப்படுத்துகிற வரைக்கும்!

தூத்துக்குடியில் இருக்கும் என் மாமாவிடம் பழைய அம்பாசடர் கார் ஒன்று உண்டு. அதை வாடகைக்கு ஓட்டித்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். ஆறு வருஷமாக ஷெட்டில் நின்றுபோன அந்த வண்டியை மறுபடி ஓட வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. கடல் காற்று சும்மா இருக்குமா? பிரேக் டிரம், பானெட் கீல், ஜாக்கி எல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தன. அம்பாசடர் உற்பத்தியோ 2014-லேயே நின்றுவிட்டது. நல்ல பாகம் கிடைக்க அலையவேண்டும்.

"ஏலே மருமகனே, ரெண்டு லிட்டர் ஆசிட் வாங்கிட்டு வா. அரை மணி நேரத்துல பளபளன்னு ஆயிரும்" என்றார் மாமா.

எனக்குக் கால் நகரவில்லை. காரணம் உண்டு. அதற்கு முந்தைய விடுமுறையில் ஒரு பட்டறையில் எடுபிடியாக வேலை பார்த்தேன். மூலையில் மூடியில்லாத ஆசிட் வாளி இருக்கும். போல்ட், பிராக்கெட் எல்லாம் அதில்தான் குளிக்கும். கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது. என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் கம்பியால் ஒரு பாகத்தைத் தூக்கினான். அது நழுவி வாளியில் விழுந்தது. தெறித்த ஆசிட் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பட்டது. இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினோம். கண் தப்பியது, தழும்பு நின்றுவிட்டது. மறுநாளும் அதே மூலை, அதே வாளி! "தொழில்னா அப்படி இப்படித்தான் இருக்கும் தம்பி" என்றார்கள். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆசிட்டுக்குத் துருவும் ஒன்றுதான், நல்ல இரும்பும் ஒன்றுதான். துரு கரைந்தபின் எடுக்க மறந்தால் இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். அதன் ஆவி, வாளிக்குள் இறங்காத ஸ்பேனரையும் வெர்னியரையும்கூடத் துருப்பிடிக்க வைக்கும். நெஞ்சுக்குள் போவதைச் சொல்லவே வேண்டாம்.

மின்சாரம் இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது. நாங்கள் செய்தது இதுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர். அதில் சலவை சோடா நாலு பெரிய ஸ்பூன். (காஸ்டிக் சோடா அல்ல, ஆப்ப சோடாவும் அல்ல.) கிரீஸைத் துடைத்த டிரம்மை உள்ளே தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை அதில் மாட்டினோம். பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. முனையை மாற்றிக் கொடுத்தால் நல்ல பாகம் கரையும், பழைய தகடு சுத்தமாகும்! சார்ஜர் பழைய டிரான்ஸ்பார்மர் வகையாக இருப்பது நல்லது. புதுசாக வரும் பல தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இல்லை என்று கண்டால் கரண்டே விடாது.

ஸ்விட்சைப் போட்டதும் டிரம்மைச் சுற்றி நுரை கிளம்பியது. நெகட்டிவ் பக்கம் வருவது ஹைட்ரஜன். துருவில் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது, மீதியைக் குமிழிகள் கிளப்பிவிடுகின்றன. இரும்போ நெகட்டிவ் முனையில் இருப்பதால் கரையாமல் தப்பிக்கிறது. சாயங்காலம் வெளியே எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கரியாக உதிர்ந்தது. மாமா வாயைத் திறக்கவில்லை!

ஆனால் நண்பர்களே, இதிலும் ஆபத்து உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நானும் அந்தப் பட்டறைக்காரரும் ஒன்றுதான்.

முதலாவது, ஹைட்ரஜன். ஃபாரடே விதியைப் போட்டுப் பாருங்கள். 5 ஆம்பியர், 8 மணி நேரம் என்றால் 1,44,000 கூலும். அத்தனையும் ஹைட்ரஜனாக வந்தால் சுமார் 18 லிட்டர். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் வாயு அது. ஆகவே திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. கிளிப்பைக் கழற்றும் முன் ஸ்விட்சை அணைக்கவேண்டும்.

இரண்டாவது, பாசிட்டிவ் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது. "கரண்டி தேயாம இருக்குமே" என்று சிலர் போடுவார்கள். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமாகத் தண்ணீரில் இறங்கிவிடும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வரும்.

மூன்றாவது, அலுமினியப் பாகத்தை இதில் போடாதீர்கள், காரம் அதை அரிக்கும். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் போன்றவையும் வேண்டாம். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவற்றை நொறுங்க வைத்துவிடும்.

நாலாவது, வெளியே எடுத்த பாகத்தை உடனே கழுவி, உலர்த்தி, எண்ணெயோ பிரைமரோ பூசாவிட்டால் சில மணி நேரத்திலேயே துரு திரும்பி வரும்.

இன்னொன்று. போன துரு போனதுதான், ஆனால் துரு தின்ற இரும்பு திரும்பி வராது. நாலு டிரம்மில் ஒன்றைத் தேய்த்தபோது தலைமுடி மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. மேலோடு தேய்த்து பெயின்ட் அடித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. மாமாவின் பேரப்பிள்ளைகள் அந்த வண்டியில்தான் போயிருப்பார்கள்! அந்த டிரம்மை ஒதுக்கி, பழைய இரும்புக் கடைகளில் ஒரு வாரம் அலைந்து வேறு பிடித்தோம்.

"ஆசிட்ல அரை மணி, இதுல ஒரு முழு நாள். யாருப்பா காத்துக் கிடக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் மெக்கானிக் சும்மா உட்காரவேண்டியதில்லை, பக்கத்தில் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு கண் வைத்திருந்தால் போதும். செலவு? 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்பது 60 வாட். எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. அந்தப் பையனின் கண்ணைவிட ஒரு யூனிட் கரண்ட் பெரிதா?

இது ஒன்றும் புதிய வித்தையும் இல்லை. 1830-களில் இந்த விதிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். நம்மில் பலரைப் போலப் பட்டறை வாசனை தெரிந்த வீட்டுப்பிள்ளை! நம் தமிழ்நாட்டிலேயே, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. அதே மாநிலத்தில் நம் பட்டறைகளில் இன்னும் ஆசிட் வாளி!

குறை எங்கே? வேதியியல் லேப் ஒரு கட்டடத்தில், ஒர்க் ஷாப் இன்னொரு கட்டடத்தில். நடுவே ஒரு மைதானம். இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை. லேபில் செம்புத் தகட்டை எடை போட்டு ரெக்கார்டு எழுதுகிறோம். ஒர்க் ஷாப்பில் துருப்பிடித்த வைஸை எமரித்தாள் போட்டுத் தேய்க்கிறோம்.

ஆகவே பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. நம் ஒர்க் ஷாப்பின் திறந்த தாழ்வாரத்தில் ஒரு தொட்டி, ஒரு சார்ஜர், கையுறை, கண்ணாடி, சுவரில் எச்சரிக்கைப் பலகை இவற்றை வையுங்கள். முதல் பாகமாக நம் பழைய வைஸையே இறக்குவோம். நாளை நாம் எந்த ஷெட்டுக்கு வேலைக்குப் போனாலும், ஆசிட் வாளியைக் காட்டி "இது வேணாம்ணே, வேற வழி இருக்கு" என்று சொல்ல நமக்கு வாயும் வரும், கையும் வரும்.

மாமாவின் வண்டி தைப்பொங்கலன்று ஓடியது. முன்சீட்டில் நான்!