வெயில் ஏறினா பால் ஏன் இறங்குது? ஜெர்சி மாட்டு உடம்புக்குள்ள நடக்குறது இதுதான்!

அக்னி நட்சத்திரம் நெருங்கினாலே கறவை மாடு வச்சிருக்கிறவங்க வீட்டுல புலம்பல்தான். எட்டு லிட்டர் கறந்த கலப்பின மாடு ஆறுக்கு இறங்கிடும். கொழுப்பும் குறைஞ்சா சொசைட்டியில் கிடைக்கும் விலையும் அடிபடும். அதே தெருவில் நிற்கும் காங்கேயம் பசுவோ பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஏன்?

வயித்துக்குள்ள ஒரு அடுப்பு

பசுவின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்க வைக்கும்போதே சூடு கிளம்பும். அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும். தின்னத் தின்ன சூடும் கூடும். ஜெர்சியின் பூர்வீகம் இங்கிலீஷ் கால்வாயில் உள்ள ஒரு குட்டித் தீவு. அந்தக் குளிருக்கு இந்தச் சூடு தொந்தரவே இல்லை.

இங்கே கதை வேற. வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு. அது 72-ஐத் தாண்டினாலே கறவை மாட்டுக்குச் சிரமம் தொடங்கிடும். 25 டிகிரி வெயில், 50% ஈரப்பதம் இருந்தாலே கிட்டத்தட்ட 72 வந்துடும். நமக்கு அது ஏசி அறை மாதிரி! 38 டிகிரியில் அதே ஈரப்பதம் என்றால் 88-ஐத் தாண்டும்.

அப்போது மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எச்சில் ஒழுக்கும், தீவனத்தை ஒதுக்கும். சூட்டைக் குறைக்க உடம்பே எடுக்கும் முடிவு இது. எச்சிலோடு பைகார்பனேட்டும் வீணாவதால் இரைப்பையில் அமிலம் கூடும். சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். பால் குறைவதைவிட இந்த நஷ்டம்தான் பெரிசு. ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள் காத்திருக்கணும், தீவனச் செலவு மட்டும் நிற்காது.

நாட்டு மாடு எப்படித் தாங்குது?

திமிலும் அலைதாடியும்தான் காரணம்னு பலரும் சொல்வாங்க. ஆனால் பெரிய வேலையைச் செய்வது வியர்வைச் சுரப்பிகள். நாட்டு மாட்டுக்கு அவை பெரிசு, தோலின் மேற்பரப்புக்கும் நெருக்கம். முடியும் குட்டை. இன்னொன்று, உடம்புக்குள் உண்டாகும் சூடே அதற்குக் குறைவு.

சிக்கலும் இங்கேதான். உள்ளே சூடு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், பால் குறைவாக இருப்பது. காங்கேயம் அடிப்படையில் உழவு, வண்டி மாட்டினம். 'எல்லாரும் நாட்டு மாட்டுக்கே திரும்புங்க' என்று சொல்வது சுலபம், பால் பணத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது கட்டாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நாட்டு மாடுகள் 6% குறைந்ததும், வெளிநாட்டு, கலப்பின மாடுகள் சுமார் 27% கூடியதும் அதனால்தான் ஆச்சரியமில்லை.

பிரேசில் வேறு வழியில் போனது. குஜராத்தின் கிர் இனத்தை ஹோல்ஸ்டீனோடு கலந்து 'ஜிரோலாண்டோ' என்ற இனத்தை உருவாக்கியது. எட்டில் மூன்று பங்கு கிர், ஐந்து பங்கு ஹோல்ஸ்டீன்.

கொட்டகையில் இப்போதே செய்யக்கூடியது: செரிமானச் சூடும் உச்சி வெயிலும் ஒண்ணா சேராம, தீவனத்தை அதிகாலையிலும் இரவிலும் வைக்கணும். குடிதண்ணீர் எந்நேரமும் இருக்கணும். உடம்பை நனைத்தால் கூடவே காத்தோட்டமும் வேணும். அடைத்த கொட்டகையில் தண்ணீர் மட்டும் தெளித்தால் ஈரப்பதம் ஏறி, மாட்டுக்கு இன்னும் புழுங்கும்.