டி.என்.ஏ. படிப்போம், கேள்வி கேட்போம்

வேங்கைவயலை நாம் மறக்கவில்லை. 2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், தலித் மக்களுக்கான 10,000 லிட்டர் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தண்ணீர் மீது சந்தேகம் வந்தது. அடுத்த மாதமே வழக்கு சிபிசிஐடியிடம் போனது. முப்பதுக்கும் மேற்பட்டோரிடம் டி.என்.ஏ. சோதனை நடந்தது. பாதிக்கப்பட்ட மக்களையே ரத்தம் கொடுக்க அழைத்தார்கள். சிலர் மறுத்தார்கள். பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. எந்த மாதிரியும் பொருந்தவில்லை என்று செய்திகள் வந்தன. கடைசியில் 2025 ஜனவரியில், அதே ஊரின் தலித்துகள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஊர் மக்கள் அதை ஏற்க மறுத்துப் போராடினார்கள்.

தீர்ப்பு நீதிமன்றத்தில் வரட்டும். நாம் இங்கே பேச வருவது வேறு. "டி.என்.ஏ. சோதனை நடக்கிறது" என்று அரசு சொன்னதும் எல்லோர் வாயும் அடைபடுகிறது. அந்தச் சோதனையால் என்ன முடியும், என்ன முடியாது என்று கேட்கும் ஆள் நம் பக்கம் வேண்டும். அதற்கு அடிப்படை தெரிய வேண்டும்.

அது ஒன்றும் எட்டாத வித்தை அல்ல. டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி. சர்க்கரையும் பாஸ்பேட்டும் அதன் பக்கக் கம்பிகள். படிகள் நான்கு எழுத்துகளால் ஆனவை: அடினின் தைமினோடு சேரும், குவானின் சைட்டோசினோடு சேரும். சில இடங்களில் நான்கைந்து எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இப்படிப் பல இடங்களைச் சேர்த்து எண்ணினால் ஆளை அடையாளம் காணலாம். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் மட்டும் விதிவிலக்கு.

மாதிரி கொஞ்சமாக இருந்தால் பி.சி.ஆர். கருவி அதைப் பெருக்கும். சுமார் 95 டிகிரி வெப்பத்தில் ஏணி இரண்டாகப் பிரியும். சூடு தணிந்ததும் தொடக்கத் துண்டுகள் வந்து ஒட்டும். 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும்.

இனி தொட்டிக்கு வருவோம். மலத்தில் இருக்கும் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி பாக்டீரியாவினுடையது. குடல் சுவரிலிருந்து உதிர்ந்த மனித செல்கள் கொஞ்சம்தான். தண்ணீர் அதையும் நீர்க்கச் செய்யும். நுண்ணுயிர்களின் நொதிகள் வெட்டிச் சிதைக்கும். மலத்தில் உள்ள பித்த உப்பு போன்றவை பி.சி.ஆரையே தடுக்கும். ஆகவே மாதிரியை எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்தார்கள், எப்படிக் குளிரில் வைத்தார்கள், யார் கை மாறிப் போனது, மனித டி.என்.ஏ. எவ்வளவு கிடைத்தது, எத்தனை இடங்களை ஒப்பிட்டார்கள், பலருடையது கலந்திருந்ததா என்று கேட்க வேண்டும்.

பொருந்தவில்லை என்றால் சோதிக்கப்பட்டவர்களில் ஆள் இல்லை என்று இருக்கலாம், மாதிரியே கெட்டுப்போயிருக்கலாம். பொருந்தினாலும் மலம் யாருடையது என்றுதான் சொல்லும். தொட்டியில் போட்டது யார், போடச் சொன்னது யார் என்று சொல்லாது. அதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆய்வக அறிக்கை சட்டத்தின் கண்ணில் நிபுணர் கருத்து. அதைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு.

1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிய பிறகு, சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குச் சாணமும் கோமியமும் கலந்து 'தீட்டு' கழித்தார்கள். தண்ணீரில் சாதி கலப்பது பழைய வேலை. வேங்கைவயல் நடந்த அடுத்த மாதம், 2023 ஜனவரி 30 அன்று, நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகப் போனார்கள். பல தலைமுறைப் பூட்டு அது. கோயில் கதவைத் திறக்கவைத்த நாம் ஆய்வகத்தின் கதவையும் தட்ட வேண்டும்.

திருவண்ணாமலைக் கல்லூரிகளில் விலங்கியல், வேதியியல், நுண்ணுயிரியல் படிக்கும் தோழர்களே, தேர்வோடு அந்தப் பாடத்தை மூடிவிடாதீர்கள். சட்டம் படிக்கும் தோழர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஓர் ஆய்வக அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். தடயவியல் துறை வேலைகளுக்கு விண்ணப்பியுங்கள். அடுத்த முறை ஒரு சேரியில் ரத்தம் எடுக்க வருபவர்களிடம், "எதற்கு, எதோடு ஒப்பிட?" என்று கேட்க நம்மில் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். கற்பி என்று அண்ணல் சொன்னதில் இதுவும் அடக்கம்.

ஜெய்பீம்.