அச்சில் ஏறாத அறிவு யாருடையது?

1836ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் உள்நாட்டவருக்குக் கட்டணம் 30 டாலர். பிரிட்டிஷ் குடிமகனுக்கு 500, மற்ற அந்நியருக்கு 300. 1858இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அடிமை ஒருவர் உருவாக்கிய கருவிக்குக் காப்புரிமையே கிடையாது என்று அட்டர்னி ஜெனரல் ஜெரமையா பிளாக் கருத்துரைத்தார். செய்தது என்ன என்பதற்கு முன்னால் செய்தவர் யார் என்று பார்ப்பது. தோழர்களே, நமக்கு இது புதிதா என்ன?

கட்டண வேறுபாடு பிறகு போனது. ஆனால் 2013 மார்ச் வரை வேறொரு வாசல் அடைத்தே கிடந்தது. ஒன்று ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று காட்ட, அமெரிக்காவுக்குள் மக்கள் பயன்படுத்தியிருந்தாலே போதும். வெளிநாடு என்றால் அது அச்சிலோ காப்புரிமையிலோ இருந்தாக வேண்டும். இந்த விதி இருந்த காலத்தில்தான், 1995இல், புண்ணை ஆற்றும் மஞ்சளுக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. (கண்டுபிடித்ததாகச் சொன்ன இருவரும் இந்திய வம்சாவளியினர்!) சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, 1997இல் அது ரத்தானது. காட்டிய சான்றுகளில் ஒரு பழைய சமஸ்கிருத நூலும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையும் உண்டு. புவனகிரிப் பக்கம் காலமெல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசிய ஆயாவின் சாட்சியம் மட்டும் அங்கே செல்லாது.

தேசமே கொதித்தது, சரி. அதன்பின் டெல்லி என்ன செய்தது? 2001இல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கி ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களைத் திரட்டியது. தேவையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் நூல்தான் கேட்டது. 1916இல் சுவாமி சகஜானந்தர் தனியாக நந்தனார் பள்ளி தொடங்க வேண்டியிருந்த சிதம்பரத்தில், எழுத்து மறுக்கப்பட்டவர்கள் நூலுக்கு எங்கே போவார்கள்? சேரியில் பிரசவம் பார்த்த கிழவி, ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டவர், பிச்சாவரத்தில் பறியை வாயில் கவ்வியபடி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர் என, இவர்களின் அறிவுக்கு ஓலைச்சுவடி கிடையாது.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 25(1)(k) பிரிவில், உள்ளூர்ச் சமூகத்தின் வாய்மொழி அறிவும் செல்லும். அதைக் காட்டி, காப்புரிமை வழங்கப்படும் முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். நம்மில் எத்தனை பேர் இதைத் தொட்டிருக்கிறோம்?

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் மூன்று கேள்விகளை வைப்போம். பதிவேடு எங்கே? குழுவில் சேரியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் யார் இருக்கிறார்கள்? எழுதப்பட்ட அறிவு யார் பெயரில், யாருடைய சம்மதத்தோடு பதிவாகியிருக்கிறது?

ஆய்வேட்டுக்காக ஊருக்குப் போகும் மாணவத் தோழர்களே, மருந்தின் பக்குவத்தை எழுதும் முன் சொன்னவரிடமும் ஊராரிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் நோட்டை மூடிவிடுங்கள்.