லேப் என்கிற ஆசாமி

தேனிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகம். மானிட்டர் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டிய சீட்டில், எல்லாரும் நுழையும் ‘லேப்’ கணக்கின் பாஸ்வேர்டு: துறையின் பெயர், கூடவே 123. படிப்பை முடித்துக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டவருக்கும் அது மனப்பாடம். கம்பம் பன்னீர் திராட்சையின் மூன்று பருவத் தரவை யாராவது அழித்தால், அழித்தது ‘லேப்’ என்கிற ஆசாமி என்றுதான் பதிவில் இருக்கும்.

பாஸ்வேர்டு கணினிக்குள் வந்ததே இந்த மாதிரிப் பொது இயந்திரத்துக்காகத்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களின் தொடக்கத்தில் கொர்பாட்டோ என்பவரின் குழு அதைக் கொண்டுவந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சிடச் சொல்லித் துளையட்டையில் கணினிக்கே ஆணை கொடுத்தார். அச்சாகி வந்துவிட்டது! அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. அங்கேயாவது ஆளுக்கொரு கணக்கு இருந்தது.

லினக்ஸில் ஒரு பயனரைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். ஃபோல்டரைக் குழுவுக்குத் திறந்துவிடலாம். பாஸ்வேர்டைப் பகிர வேண்டியதே இல்லை. ‘நோ டியூ’ படிவத்தில் நூலகத்துக்கும் விடுதிக்கும் கையெழுத்து வாங்குகிறோமே, கணக்கை மூடியதற்கும் ஒரு வரி சேர்த்தால் என்ன?