வகுப்பறைக்கு ஒரு பிடியரிசி: நூறு ரூபாவால் என்ன நடக்கும்?

"எங்களை விரட்டிய மண்ணுக்கா நாங்கள் காசு சேர்க்க வேண்டும்?"

எமது வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு சகோதரர் இப்படிக் கேட்டார். நான் ஸ்கந்தபுரத்தில் கற்பிக்கும் தரம் 3 வகுப்புக்குச் சில கதைப் புத்தகங்களும் ஓர் அலுமாரித் தட்டும் தேவை, ஆளுக்கு நூறு இருநூறு அனுப்புவீர்களா என்று எழுதியிருந்தேன். அதற்குத்தான் இந்தப் பதில். அந்தக் குழுமத்தில் இருப்பவர்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களின் பிள்ளைகள். இன்று புத்தளம், கொழும்பு, கட்டார், லண்டன் என்று சிதறிக் கிடக்கிறோம். கேள்வி நியாயமானது. ஆகவே அதற்கும், அதையொட்டி எழும் வேறு கேள்விகளுக்கும் இங்கே பதில் தேட விரும்புகிறேன்.

முதலில் ஒரு பொதுவான கேள்வி. இலவசக் கல்வி உள்ள நாட்டில் வகுப்பறைக்கு ஏன் நன்கொடை?

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல், 1993 இல் இலவசச் சீருடை. 2025 இல் அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எழுதுகருவிகளுக்காக 6,000 ரூபா. இவை சிறிய விடயங்கள் அல்ல. எத்தனையோ நாடுகளில் இவை இல்லை. ஆனால் இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். இவை அனைத்தும் ஒரு பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்பவை. முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாவிக்கும் வகுப்பறைக்கு என்ன போகிறது?

தர உள்ளீட்டு நிதி என்று ஒன்று பாடசாலைக்கு வருகிறது. சிறிய பாடசாலைக்கு வரும் தொகையும் சிறியதே. போட்டோக்கொப்பிக் கடதாசி, மார்க்கர், பரீட்சைத் தாள் என்று அது கரைந்துவிடும். வாசிப்பு மூலைக்கு நாற்பது கதைப் புத்தகம், கணிதத்துக்கு எண்ணும் மணிகள், சுவரில் ஒட்டப் பிரிஸ்டல் மட்டை ஆகியவை எஞ்சி நிற்கும். பெரும்பாலும் ஆசிரியரின் கைப்பையிலிருந்துதான் இவற்றுக்குப் பணம் போகும். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பயிற்சி பெற்றபோது, கழிவுப் பொருளைக் கொண்டு கற்பித்தல் சாதனம் செய்யக் கற்றுத் தந்தார்கள். போத்தல் மூடி, தீப்பெட்டி, பழைய கலண்டர் எல்லாவற்றையும் இன்றும் பாவிக்கிறேன். ஆனால் போத்தல் மூடியால் கதைப் புத்தகம் செய்ய முடியாது.

2022 நெருக்கடி இந்த இடைவெளியை மேலும் பெருப்பித்தது. அந்த மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டது நினைவிருக்கும். 2021 இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 வீதமாகிவிட்டது என்று உலக வங்கி கணித்தது. கொப்பி விலை பன்மடங்கானது. முன்பு பெற்றோரிடம் ஐம்பது ரூபா கேட்டு வகுப்புக்கு எதையாவது வாங்கிய ஆசிரியர்கள் இப்போது கேட்கவே கூசுகிறார்கள். நானும் அப்படித்தான்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஆசிரியர்கள் சொந்தப் பணத்தில் வகுப்புக்குப் பொருள் வாங்குவது எந்தளவு வழமை என்றால், அதற்கென வருமான வரிச் சட்டத்திலேயே ஒரு கழிவு உண்டு. 2000 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் பிரோங்ஸ் பகுதியில் கற்பித்த சார்ல்ஸ் பெஸ்ட் என்ற ஆசிரியர் ஓர் இணையத்தளம் தொடங்கினார். அதன் பெயர் டோனர்ஸ்சூஸ். ஆசிரியர் தன் வகுப்புக்கு என்ன தேவை என்று எழுதுவார். விரும்பியவர் விரும்பிய தொகையைக் கொடுப்பார். தொகை நிரம்பியதும் நிறுவனமே பொருளை வாங்கிப் பாடசாலைக்கு அனுப்பும். ஆசிரியரின் கைக்குப் பணம் போகாது. தொடக்கத்தில் சக ஆசிரியர்கள் எழுதிய கோரிக்கைகள் பலவற்றுக்கு அவரே பெயர் சொல்லாமல் பணம் கட்டினார். 2018 இல் ரிப்பிள் என்ற நிறுவனம் 29 மில்லியன் டொலர் கொடுத்து, அப்போது தளத்தில் இருந்த 35,000க்கும் அதிகமான கோரிக்கைகளை ஒரே நாளில் நிறைவேற்றியது. அது செய்தியானது. ஆனால் அந்தத் தளம் அதுவரை நின்றதில் சிறு தொகை கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டிலும் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டத்தை அரசே தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் ஊரவர்களும் இணையம் வழியாக அரசுப் பள்ளிக்கு உதவலாம். அங்கே பல ஊர்களில் கல்யாணத்துக்குக் கொண்டு போவதுபோல் தட்டில் பொருட்களை ஏந்தி, ஊர்வலமாகப் பள்ளிக்குச் சீர் கொண்டு போகும் வழக்கமும் உண்டு.

எங்களிடம் அந்தப் பழக்கம் இல்லையா? உம்மா சோறாக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை வேறு பானையில் போடுவார். வெள்ளிக்கிழமை அந்தப் பிடியரிசி மத்ரஸாவுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. சிறிதாயினும் தொடர்ந்து செய்வதன் சிறப்பை ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வட்ஸ்அப் குழுமத்தை ஒரு பிடியரிசிப் பானையாக்க முடியாதா என்பதே என் கேள்வி.

ஆனால் பானை மட்டும் போதாது, முறையும் வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வேறொரு பாடசாலையில் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒரு தனவந்தர் புத்தகப் பைகள் அனுப்பினார். நல்ல மனிதர். ஆனால் பனர் கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பையை நெஞ்சோடு பிடிக்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். 'தகப்பனை இழந்த பிள்ளை' என்று ஒரு சிறுமியின் படத்தின் கீழ் எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவளைத் திருப்பிக் கொண்டுவர நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். பையோடு வந்த வெட்கத்தை அந்தப் பிள்ளைதான் சுமந்தாள்.

ஆகவே எமது குழுமத்தில் இம்முறை சில விதிகளை வைத்துக்கொண்டோம். கோரிக்கை கற்பிக்கும் ஆசிரியரிடமிருந்து வர வேண்டும், அதிபரின் அனுமதியோடு வர வேண்டும். பொருளும் விலையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு கோரிக்கை 25,000 ரூபாவைத் தாண்டக் கூடாது. ஒருவர் 500 ரூபாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பணம் நேரே கடைக்குப் போக வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் குழுமத்துக்கும் போக வேண்டும். பொருள் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். படம் பொருளுக்கு மட்டும், பிள்ளைகளுக்கு அல்ல.

ஏன் 500க்கு மேல் வேண்டாம் என்று பலர் கேட்டனர். ஒருவரே முழுத் தொகையையும் தந்தால் வேலை இலகுதான். ஆனால் அடுத்த முறை எந்தப் பாடசாலைக்கு, என்ன பொருள் என்பதை அவரே தீர்மானிக்கத் தொடங்குவார். மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அறுபது பேர் கொடுத்தால் யாருடைய பெயரையும் சுவரில் எழுத வேண்டியதில்லை.

என் கோரிக்கையின் கணக்கு இது. கதைப் புத்தகம் 40க்கு 14,000 ரூபா. தச்சுத் தொழிலாளிக்கு 7,500 ரூபா. கடதாசி, மட்டைக்கு 2,000 ரூபா. மொத்தம் 23,500 ரூபா. 63 பேர் சேர்ந்து 24,100 ரூபா தந்தார்கள். ஆகக் குறைந்த தொகை 50 ரூபா. மிகுதி 600 ரூபா அடுத்த கோரிக்கைக்குப் போனது. மூன்றாம் மாதத்தில் எட்டுப் புத்தகங்களின் மட்டை கிழிந்துவிட்டது. அதையும் குழுமத்தில் எழுதினேன். புத்தகம் வாசிக்கப்படுகிறது என்று ஒருவர் பதில் போட்டார்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, கூரை, மலசலகூடம், தளபாடம், ஆசிரியர் பற்றாக்குறை ஆகியவற்றுக்கு இப்படிப் பணம் சேர்க்கக் கூடாது. அவை அரசின் கடமை. நாங்கள் கூரை போட்டுக் கொடுத்தால் அடுத்த வருடம் அந்தப் பாடசாலை தேவைப் பட்டியலிலிருந்து காணாமல் போகும். அவற்றுக்கு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத வேண்டும், திரும்பத் திரும்ப எழுத வேண்டும். சிறு நன்கொடை நிரப்ப வேண்டியது அரசின் இடத்தை அல்ல, அரசின் பட்டியல் வந்து சேராத அந்தச் சிறு இடைவெளியை மட்டுமே.

இரண்டு, இதை ஸகாத் பணத்தோடு கலக்க வேண்டாம். ஸகாத்துக்கு உரிய எட்டுக் கூட்டத்தார் வரையறுக்கப்பட்டவர்கள். வகுப்பறைக்கு வாங்கும் பொதுப் பொருளை ஸதகாவாகவே கொடுப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். சந்தேகம் இருப்பவர் ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன்.

1990 இல் பூநகரிப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து நாங்கள் வெளியேறியபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் பின்னேரப் பாடசாலையில் படித்தேன். காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் அகதிப் பிள்ளைகள். எங்கள் ஆசிரியை ஒரு பென்சிலை இரண்டாக வெட்டி இருவருக்குக் கொடுப்பார். அந்தப் பென்சில்களை வாங்கித் தந்தவர்கள் புத்தளத்துச் சாதாரண மக்கள். உப்பளத்திலும் தென்னந்தோட்டத்திலும் கூலிக்கு நின்றவர்கள். நாங்கள் யார், எந்த ஊர் என்று அவர்கள் கேட்கவில்லை.

ஸ்கந்தபுரம் அக்கராயன் பக்கம். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வந்த இடங்களில் அதுவும் ஒன்று. 1996 இல் கிளிநொச்சி நகரம் விழுந்தபோது மேலும் பலர் வந்தார்கள். 2008 இன் கடைசியில் அந்த மக்களும் எல்லாவற்றையும் விட்டு நடந்தார்கள். எஞ்சியவர்கள் மெனிக் பாம் முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இவை எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகள் பின் பிறந்தவர்கள். என்னை "ரீச்சர்" என்று கூப்பிடுவதைத் தவிர என்னைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களை யார் விரட்டினார்கள் என்ற கணக்கை அந்தப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது.

இதனால் 1990 மறக்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கான நீதியும் முறையான மீள்குடியேற்றமும் இன்னும் கிடைக்கவில்லை. நாற்பது கதைப் புத்தகங்கள் இன நல்லிணக்கத்தைக் கொண்டுவந்துவிடும் என்றும் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை வாசிக்கப் பழகும், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மீள்குடியேறிய எமது கிராமங்களின் பாடசாலைகளிலும் இதே குறைகள் உண்டு. எனவே எந்தச் சமூகத்துப் பாடசாலை என்று பார்க்காமல், ஆசிரியர் கேட்ட ஒழுங்கில் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். இரண்டாவது கோரிக்கை முசலிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றிலிருந்து வந்தது. முதல் கோரிக்கைக்கு எதுவும் அனுப்பாத அந்தச் சகோதரர் அதற்கு 500 ரூபா அனுப்பினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது மீண்டும் வன்னியிலிருந்து வந்திருக்கிறது. அவர் இன்னும் பதில் போடவில்லை.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் இருக்கும் ஏதாவது ஒரு குழுமத்தில், பழைய மாணவர் குழுமமோ குடும்பக் குழுமமோ, ஓர் ஆசிரியர் நிச்சயம் இருப்பார். இன்றிரவு அவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்கள் வகுப்புக்குப் பத்தாயிரம் ரூபா கிடைத்தால் என்ன வாங்குவீர்கள்?" அவர் சொல்லும் பட்டியலை விலையோடு குழுமத்தில் போடுங்கள். முதல் நூறு ரூபாவை நீங்களே அனுப்புங்கள். மிகுதியை மற்றவர்கள் நிரப்புவார்கள், இன்ஷா அல்லாஹ்.