நாம் இடிக்காத சுவர்

லெந்து நாட்கள் வந்துவிட்டால் நம் சபைகளில் ஜெபத்துக்குக் குறைவில்லை. வெள்ளி உபவாசம், முழு இரவு ஜெபம், மூன்று நாள் கன்வென்ஷன். பந்தல் வாசலில் தொங்கும் பேனரில், தடைகளை உடைக்கும் தேவன் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அந்தப் பந்தலுக்குள் நாம் கொண்டுபோகும் தடைகள் என்னென்ன? விசா, திருமணத் தடை, வீட்டுக் கடன், பிள்ளையின் நீட் தேர்வு. சற்று முதிர்ந்த விசுவாசிகள் வேறு தடைகளைச் சொல்லி அழுவார்கள்: ஜெபத்தில் மனம் ஒன்றவில்லை, வேதம் திறந்தால் தூக்கம் வருகிறது, கைபேசி காலை நேரத்தைத் தின்றுவிடுகிறது. இவையும் தடைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாமே கல் சுமந்து கட்டிய ஒன்று, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக நம் ஆலயத்துக்குள்ளேயே நிற்கிறது. அதற்காக நாம் ஓர் இரவும் விழித்து ஜெபித்ததில்லை. சாதியைத்தான் சொல்கிறேன்.

அதைச் சமூகப் பிரச்சினை என்று ஒதுக்கிவைத்துப் பழகிவிட்டோம். ஜெபம் ஆவிக்குரியது, சாதி உலகத்துக்குரியது என்று நமக்குள் ஒரு கணக்கு. வேதத்தில் அப்படியொரு கணக்கு இல்லை. மலைப்பிரசங்கத்தில், காணிக்கையோடு பலிபீடம் வரை வந்துவிட்டவனை இயேசு திருப்பி அனுப்புகிறார்; முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வா என்கிறார். அதில் நாம் கவனிக்கத் தவறிய நுணுக்கம் ஒன்று உண்டு. வந்தவனுக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சகோதரனுக்கு வந்தவன்மேல் குறை இருந்தால் என்கிறார். ஆக, ‘எங்கள் மனசில் ஒன்றுமில்லை, நாங்கள் யாரையும் வெறுக்கவில்லை’ என்ற நம் வாக்குமூலம் அந்தப் பலிபீடத்தின் முன் செல்லாது. குறை அவர்களுக்கு இருக்கிறதா என்று நாம் போய்க் கேட்டோமா?

நற்கருணைக்கு முன் நம்மை நாமே சோதித்தறியும்படி சொல்லப்படும்போது தலை குனிகிறோம். இந்த வாரம் பொய் சொன்னேனா, கோபப்பட்டேனா, பார்க்கக்கூடாததைப் பார்த்தேனா என்று தனித்தனியாக மனசைத் துழாவுகிறோம். பவுல் அதை எழுதிய இடத்தில் நடந்தது வேறு. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கண்டித்தது அந்தப் பாகுபாட்டைத்தான். உங்களைச் சோதித்துப் பாருங்கள் என்றதும் அதே மூச்சில்தான். நாம் பின்பாதியை எடுத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டோம். தனிமனிதப் பாவங்களின் பட்டியல் நம்மிடம் நீளமாக இருக்கிறது. சபையாகச் சேர்ந்து செய்த பாவத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பாவத்துக்குத் தேதியும் இடமும் உண்டு. 1706இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1733இல் ஆரோன் என்ற தமிழர் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையின் முதல் தமிழ்க் குரு என்று அவரைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ராஜநாயக்கனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தஞ்சாவூர் அரசரின் படையில் வீரராக இருந்தவர். தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சான நற்செய்தியைப் படித்து மிஷனைத் தேடி வந்தவர். உபதேசியாராகித் தஞ்சாவூர்ப் பகுதியில் உழைத்தவர். அடுத்த குருவாக யாரை ஏற்படுத்துவது என்ற பேச்சு எழுந்தபோது அவர் பெயரும் வந்தது. அவர் பறையர் சமூகத்தவர் என்பதால், மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். 1741இல் தியோகு என்பவர் குருவானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

மிஷனரிகள்மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நம் முன்னோர் பலர் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே சாதியைக் கலக்கக் கூடாது என்று வாதாடியவர். அவர் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டை வைத்துக்கொண்டு வரலாற்றை மட்டும் ஒளித்துவைத்தோமே, அதைச் சொல்கிறேன்.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் இருக்கிறது. இரண்டு சாதிக்கு இரண்டு தனி மண்டபம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே பீடம் என்று, கால்சட்டை வடிவத்தில் கட்டிய கோயில். குருவானவர் ஒருவர், திருப்பலி ஒன்று. சேர்ந்து முழங்காற்படியிட மட்டும் மனசில்லை. 1910இல் கௌசானல் அடிகள் நடுச்சுவரை இடித்தார். இடித்தவர்மேல் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். சுவரை மீட்க நீதிமன்றம் போன கிறிஸ்தவர்கள்!

எருசலேம் ஆலயத்திலும் ஒரு தடுப்பு இருந்தது. புறஜாதியார் அதைத் தாண்டினால் மரணம் என்ற எச்சரிக்கை பொறித்த கல் 1871இல் கிடைத்தது. புறஜாதியான் ஒருவனை ஆலயத்துக்குள் கூட்டிவந்தார் என்ற சந்தேகத்தில்தான் பவுலை அடித்து இழுத்துப்போனார்கள். நடுச்சுவர் கிறிஸ்துவில் இடிந்தது என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கல் நிற்கிறது. அந்த அதிகாரத்தை நாம் மனப்பாட வசனமாக்கினோம். பிள்ளைகளுக்குப் பரிசும் கொடுத்தோம்.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லவும் முடியவில்லை. 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் பங்கு மக்களுக்குள் மூண்ட சாதி மோதலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு வரை போய் இருவர் செத்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் கேட்டது தங்களுக்கென்று ஒரு பங்கு. ஒரே பங்கில் சமமாக நடத்தாததால்தான் தனிப் பங்கு கேட்கும் நிலை வந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே சுவர். உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறவர்கள், எழுந்திருக்கும் நாளில் யார் பக்கத்தில் யார் எழுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவைத்திருக்கிறோம்.

மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்டிருக்க வேண்டும், ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும், ஜெபிக்கிற பெண்ணாக இருக்க வேண்டும்; கூடவே உட்பிரிவு வரை சாதி. பேராயத் தேர்தல் நேரத்தில் எந்த அணி எந்தச் சாதி என்பது சபைச் சிறுவனுக்கும் தெரியும். அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறேன், சொன்னால் கட்டுரை வழக்குகளின் பட்டியலாகிவிடும்.

இன்னொரு முரண் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. அதை எதிர்த்து ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். கோரிக்கை நியாயமானது. மதம் மாறியும் தீண்டாமை தொடர்கிறது என்று அரசாங்கத்திடம் அன்றைக்கு வாதாடுகிறோம். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வந்தால், நம் சபையில் அதெல்லாம் கிடையாது என்கிறோம். எந்த வாயை ஆண்டவர் நம்புவது?

போதகர்கள் இதைப் பிரசங்கிக்கவில்லை. பிரசங்கித்தால் சந்தா குறையும், இடமாற்றம் வரும். கமிட்டி கேட்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததும் இல்லை. சமாரியப் பெண்ணின் கதையை அவளுடைய ஐந்து கணவர்களோடு நிறுத்திக்கொண்டோம். அவள் மொண்ட தண்ணீரை இயேசு கேட்டார் என்பது கிராமத்தில் இரட்டை டம்ளர் பார்த்து வளர்ந்த நமக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும்.

எல்லோரும் சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகும். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2022 மே மாதம் தேவசகாயத்தைப் புனிதராக அறிவிக்கும் முன்பே, அவர் பெயரின் பின்னால் ஒட்டியிருந்த சாதியை ரோம் நீக்கிவிட்டது. எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உண்டவர், 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், அவருக்கு அந்த வால் பொருந்தாது. நம் ஆலயக் கல்வெட்டுகளிலும் உபயதாரர் பலகைகளிலும் அந்த வால் இன்னும் இருக்கிறது.

அடுத்த நற்கருணை ஆராதனைக்கு முன் ஒரு மாலை உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், யாரை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திருமணப் பதிவேட்டையும் கமிட்டி உறுப்பினர் பட்டியலையும் வாங்கிப் புரட்டுங்கள். யாருக்கு நம்மேல் குறை இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த வீட்டுக்குப் போங்கள், அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். கேட்டதைச் சபைக்கூட்டத்தில் எழுந்து சொல்லி, தீர்மானமாக எழுதவையுங்கள். காணிக்கையை அதுவரை பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு வாருங்கள்.